இடது சுவர் யாருக்கு?

மெக்சிகோ நகரம்,
அக்டோபர், 1951

அன்பும் மரியாதையும் உள்ள அக்கா பெனித்தாவுக்கு,

கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் உன் தம்பி எலாதியோ பணிவோடு எழுதிக்கொள்வது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, முதுகுவலியைத் தவிர. அது உடம்பைச் சேர்ந்தது அல்ல, தொழிலைச் சேர்ந்தது. உன் மூட்டுவலி, வீட்டு மாடிப்படி, அந்தத் திருட்டுப் பூனை மூன்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரிந்தால் மனம் நிறையும். நீ கொடுத்தனுப்பிய உலர்ந்த பீச் பழங்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றாகத் தின்ன வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. நம் தபாலை உனக்கு முன்னால் யார் யாரோ படித்துவிட்டுத்தான் உனக்குத் தருகிறார்கள். இங்கே மளிகைக் கடை வைத்திருக்கும் சந்தாந்தேர்க்காரரின் மனைவி தோன்யா எதெல்வினா தன் தாயாரைப் பார்க்க ஊருக்குக் கப்பலேறுகிறாள். பிஸ்கட் டப்பாவுக்கு அடியில் வைத்து உன் கையில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் வருகிறேன். பன்னிரண்டு வருடமாக நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய், நானும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது பாதிரியார் எனக்காகச் சிபாரிசு செய்துவிட்டார் என்கிறாய், சரகோசா நாடகக் கொட்டகையில் படுதா வரைய ஆள் தேவை என்கிறாய், ‘நான் வழி தவறிப் போனேன்’ என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறாய். போட்டுவிடுகிறேன். இந்த வயதில் கொட்டகைக்குப் போகும் வழியே எனக்கு வாரம் ஒருமுறை தவறுகிறது. அதைவிட உன் கடிதத்தில் இன்னொரு வரி என்னை இழுத்தது: ‘இங்கே இப்போது ரொம்ப அமைதி, காபிக் கடையில்கூட யாரும் குரலை உயர்த்துவதில்லை, உனக்குப் பிடிக்கும்.’ அக்கா, அதைப் படித்தபோது எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஏன் என்று கீழே எழுதுகிறேன். மருந்துக்கடை தோன் இஹீனியோவுக்கும் முடிதிருத்தும் மக்காரியோவுக்கும் என் வணக்கத்தைச் சொல். இப்போதும் சவரம் செய்துகொண்டே அரசியல் பேசுகிறார்களா? கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு மக்காரியோ கேள்வி கேட்பதும், அசைய முடியாமல் படுத்தபடியே தோன் இஹீனியோ பதில் சொல்வதும் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

எங்கள் காபிக் கடையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். போரில் தோற்று ஓடிவந்த ஸ்பெயினில் மிச்சம் மீதி இருந்ததெல்லாம் அந்தக் கடையில் மேசை மேசையாக உட்கார்ந்திருக்கிறது. ஜன்னலோரம் கம்யூனிஸ்டுகள். அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எந்த அரசும் வேண்டாம் என்கிற அனார்க்கிஸ்டுகள். அந்த மேசைக்குத் தலைவர் கிடையாது என்பதால் காபி வேண்டும் என்று யாரும் குரல் கொடுக்க மாட்டார்கள், பணியாளனாகப் பார்த்துக் கொண்டுவந்து வைத்தால் உண்டு. பெரிய கண்ணாடிக்குக் கீழே குடியரசுக் கட்சி ஐயாமார், தொப்பியைக் கழற்றாமல். கதவருகே தனி நாடு கேட்கிற கத்தலான்காரர்கள். அவர்கள் தங்கள் மேசை ஸ்பெயினிலேயே இல்லை என்பார்கள். சோஷலிஸ்டுகளுக்கு இரண்டு மேசை, நடுவில் ஒரு காலி மேசை. அதில் யாரும் உட்காரக் கூடாது. மேசை மாறி உட்கார்ந்தால் கட்சி மாறியதாக அர்த்தம். மழைச்சாரல் அடிக்கிறதே என்று ஒருவன் நாற்காலியை நகர்த்திப் போட்டதற்கு, ஒரு வருடம் அவன் மனைவியோடுகூட யாரும் பேசவில்லை. நான் இருந்த கட்சிக்கு இந்த ஊரில் மொத்தம் இரண்டு பேர். மற்றவனும் நானும் கருத்து வேறுபாட்டால் பிரிந்துவிட்டோம், அவன் கராகஸுக்குப் போய்விட்டான். ஆகவே நான் காபி எந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் தனியாக உட்காருகிறேன். எல்லாச் சத்தமும் எனக்குக் கேட்கும், எந்தச் சத்தமும் என்னைச் சேர்ந்தது அல்ல.

வருடக் கடைசியில் திராட்சை தின்கிற கூத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். நள்ளிரவு மணி அடிக்க அடிக்க ஒவ்வொரு பழமாக வாயில் போட்டு, ‘அடுத்த வருடம் மாட்ரிட்டில்’ என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இங்கே எந்த மணிக்குத் தின்பது என்பதே ஒரு போர். மாட்ரிட்டில் நள்ளிரவு ஆகும்போது இங்கே மாலை ஐந்து. ஆனால் போரில் ஜெயித்த அந்த ஜெனரல் ஆட்சிக்கு வந்த பிறகு கடிகாரத்தையே ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிட்டான் அல்லவா, அதைக் குடியரசு ஐயாமார் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் ஆறு மணிக்குத்தான் தின்பார்கள். கம்யூனிஸ்டுகள் ஐந்து மணிக்கு. அனார்க்கிஸ்டுகள் கடிகாரம் முதலாளியின் கருவி என்று சொல்லிவிட்டு, பசிக்கும்போது தின்றுவிடுவார்கள். எனக்கு எல்லாரும் ஒரு கொத்து கொடுப்பதால் ராத்திரி வயிற்றுப்போக்கு நிச்சயம்.

சரி, கண்காட்சிக் கதைக்கு வருகிறேன். மாட்ரிட்டில் அரசாங்கம் பெரிய ஓவியக் கண்காட்சி நடத்தப் போகிறது, உலகம் பூராவும் அழைப்பு போயிருக்கிறது. இதைக் கேட்டதும் இங்கே எல்லா மேசையும் ஒரே நேரத்தில் எழுந்தது. நாமும் எதிர்க் கண்காட்சி நடத்துவோம், எல்லாரும் சேர்ந்து நடத்துவோம் என்றார்கள். சேர்ந்து என்ற சொல்லைக் கேட்டபோதே நான் வெளியூர் போயிருக்க வேண்டும். தச்சர் சங்கத்தின் தலைவர் தோன் மக்லோவியோ, மெக்சிகோக்காரர், நல்ல மனிதர், சங்கக் கூடத்தைச் சும்மா தருகிறேன் என்றார். படங்களைத் தொங்கவிட ஒரு பொது ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தது. எல்லாரும் திரும்பி முக்காலியைப் பார்த்தார்கள். என் மேல் நம்பிக்கை என்று நினைக்காதே. ஒருவரும் என்னை நம்பவில்லை, ஆனால் எல்லாரும் ஒரே அளவுக்கு நம்பவில்லை.

குழுவில் நான்கு பேர். கம்யூனிஸ்ட் காசிமீரோ: எப்போதும் மழை பெய்கிற அஸ்தூரியாஸ் ஆள், மலை போன்ற உடம்பு, சுரங்கத் தொழிலாளிகளைத் தவிர வேறெதையும் வரைய மாட்டான். அனார்க்கிஸ்ட் தொரிபியோ: போர்க்காலத்தில் சுவரொட்டி வரைந்தவன், நம் அரகோன்காரன், யாரையும் மரியாதைக்கு ‘தோன்’ என்று கூப்பிடாதவன். குடியரசுக்காரர் தோன் லெயாந்த்ரோ: ஒரு காலத்தில் ஓவியக் கல்லூரி இயக்குநர். அந்தப் பதவியிலிருந்து தன்னை யாரும் முறையாக விடுவிக்கவில்லை என்பதால் இன்றைக்கும் தானே இயக்குநர் என்று நம்புகிறவர். நாலாவது அசும்தா: கத்தலான்காரி, மரத்தில் செதுக்கி அச்சு எடுப்பவள், கணவனைப் போரில் இழந்தவள், ஓயாமல் சிகரெட் பிடிப்பவள். இந்த நால்வருக்கும் நடுவில் நான். கண்காட்சிக்குப் பெயர் வைக்கவே மழைக்காலம் வந்துவிட்டது. ‘ஸ்பானிய ஓவியர்’ என்றால் அசும்தா எழுந்து போய்விடுவாள். ‘குடியரசு’ என்றால் தொரிபியோ ஒப்பவில்லை, எந்த அரசும் அவனுக்கு அரசுதான். ‘சுதந்திர’ என்றால் காசிமீரோ, "யாருக்குச் சுதந்திரம், அதைச் சொல்லுங்க முதல்ல" என்றான். ‘நாடு கடந்த’ என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

"யார் நாடு கடந்தது?" என்றார் தோன் லெயாந்த்ரோ. "நாம முறைப்படி தேர்ந்தெடுத்த அரசாங்கத்தோட ஆளுங்க. தற்காலிகமா வெளியூர்ல இருக்கோம்."

"பன்னிரண்டு வருஷமாவா ஐயா?" என்றாள் அசும்தா.

"தற்காலிகம்னா அதுக்கு ஒரு கெடு வெச்சிருக்கா என்ன?"

கடைசியில் விளம்பரத் தாளில் பெயரே இல்லை. தேதியும் விலாசமும் மட்டும்தான். பார்த்தவர்கள் வீடு விற்பனைக்கு என்று நினைத்து விசாரித்துக்கொண்டு வந்தார்கள்.

அடுத்து சுவர். கூடத்துக்கு நான்கு சுவர், நால்வருக்கும் ஆளுக்கு ஒன்று, இதில் என்ன தகராறு வந்துவிடும் என்று நான் முட்டாள்தனமாக நினைத்தேன். காசிமீரோ உள்ளே வந்ததும் இடது சுவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். தொரிபியோவும் அங்கேயே போய் நின்றான்.

"இது எங்களுது," என்றான் காசிமீரோ. "இடது பக்கம்னா யாருன்னு ஊருக்கே தெரியும்."

"நீங்க எப்பப்பா இடது பக்கம் இருந்தீங்க?" என்றான் தொரிபியோ. "போர் நடக்கும்போதே எங்க ஆளுங்களை உள்ள தள்ளினவங்கதானே. பேசாம வலது சுவருக்குப் போ."

"உங்க ஆளுங்க போர்முனையை விட்டுட்டு நிலத்தைப் பங்கு போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தா, பின்ன மாலையா போடுவாங்க?"

"வாசல்ல நின்னு பார்த்தாத்தான் அது இடது," என்றாள் அசும்தா சிகரெட்டைத் தட்டியபடி. "மேடையில நின்னு பார்த்தா வலது. ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்னு பாருங்களேன்."

அதற்கு மூன்று கூட்டம் போட்டார்கள், அக்கா. எந்த இடத்தில் நின்று இடதைத் தீர்மானிப்பது என்பதற்கு. வலது சுவரில் தொங்கத் தயாராக இருந்தவர் ஒருவர்கூட இல்லை. குடியரசு நிலையாகப் பாதுகாத்த நடுவுநிலை என்று சொல்லி தோன் லெயாந்த்ரோ வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கதவு இருக்கும் சுவரில் அசும்தாவுக்கு இடம் விட்டார்கள். கதவைத் திறந்தால் அவளுடைய படங்கள் மறையும்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் ஓவியன் அல்ல, நாடகப் படுதா வரைகிறவன். மேடையில் யார் எந்தக் கட்சி என்று நான் பார்ப்பதில்லை, இந்தக் காட்சி காலையா மாலையா என்றுதான் பார்ப்பேன். அதைவைத்தே ஒரு யோசனை சொன்னேன். ஆளைப் பார்த்துத் தொங்கவிட வேண்டாம், படத்துக்குள் இருக்கும் நேரத்தைப் பார்த்துத் தொங்கவிடுவோம். விடியற்காலைப் படங்கள் வாசலுக்குப் பக்கத்தில், அப்புறம் உச்சிப் பகல், அப்புறம் சாயங்காலம், கடைசியில் ராத்திரி. சுற்றி வருகிறவன் ஒரு முழு நாளை நடந்து முடிப்பான். நால்வரும் இதில் அரசியல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று நெடுநேரம் தேடினார்கள். தோன் லெயாந்த்ரோ மட்டும் இருமிவிட்டு, "எந்தக் கடிகாரப்படி?" என்று கேட்டார். பழைய கடிகாரப்படிதான் ஐயா என்று சத்தியம் செய்து கொடுத்தேன். ஒப்புக்கொண்டார்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கேள். பன்னிரண்டு வருடமாக இவர்கள் ஒருவர் வரைந்ததை ஒருவர் பார்த்ததே இல்லை. ஒருவன் கண்காட்சிக்கு மற்றவன் போனால் மேசை மாறியதாக ஆகிவிடும் அல்லவா. படங்கள் துணி சுற்றி வந்தன, நான் ஒருவனாகவே பிரித்து மாட்டினேன். எல்லாரும் ஸ்பெயினைத்தான் வரைந்திருந்தார்கள், மெக்சிகோவை ஒருவரும் வரையவில்லை. அது துரோகமாகிவிடும். மாட்டி முடித்து ஏணியிலிருந்து இறங்கி, கூடத்தின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தேன். என்னவோ சரியில்லை என்று தோன்றியது. என்ன என்று பிடிபடவில்லை. முதுகு வலித்ததால் வீட்டுக்குப் போய்விட்டேன்.

திறப்புவிழா அன்று எனக்குப் பிடிபட்டது. எனக்கு மட்டுமா பிடிபட்டது? முதலில் வாயைத் திறந்தது தோன் லெயாந்த்ரோதான். காசிமீரோவின் படத்துக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சுரங்கத் தொழிலாளிகள் வேலை முடிந்து வெளியே வருகிற படம்.

"காசிமீரோ, உங்க அஸ்தூரியாஸ்ல மழை நின்னு போச்சா?"

"ஏன்?"

"ஒரு மேகத்தைக் காணோமே. நிழலெல்லாம் காலுக்கு அடியிலயே கிடக்கு. அதோ மலைக்குப் பின்னால கூம்பு மாதிரி ஒண்ணு, உச்சியில பனி, அதுக்கு மேல புகை. அது என்ன?"

காசிமீரோ குனிந்து பார்த்தான். "அது... சுரங்கத்துப் புகை."

"மலை உச்சியிலயா சுரங்கம் வெட்டினீங்க?"

அக்கா, இந்த ஊருக்குக் கிழக்கே ஒரு எரிமலை இருக்கிறது. பனித் தொப்பி போட்டுக்கொண்டு சுருட்டுப் பிடிக்கிற மாதிரி அவ்வப்போது புகை விடும். வானம் தெளிவாக இருந்தால் எங்கள் எல்லார் ஜன்னலிலும் அதுதான். காசிமீரோ தன்னை அறியாமலேயே அதை அஸ்தூரியாஸில் கொண்டுபோய் வைத்துவிட்டான். அவன் முகம் சிவந்தது, நேராக தோன் லெயாந்த்ரோவின் படத்துக்குப் போனான். செகோவியாவுக்கு வெளியே அவர் தகப்பனார் வீடு, கல் வீடு, கோதுமை வயல், வேலி. வேலியில் அழகாக, ஆள் உயரத்துக்கு, பழத்தோடு நின்றது சப்பாத்திக்கள்ளி.

"இயக்குநர் ஐயா, செகோவியாக் குளிர்ல இது எப்படி வளருது?"

"ஸ்பெயின்ல கள்ளி இல்லையா என்ன?"

"தெற்கே கடலோரம் இருக்கு. உங்கப்பா வேலியில இருந்துச்சா?"

தோன் லெயாந்த்ரோ கண்ணாடியை எடுத்துத் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் எடுத்தார். தொரிபியோ வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரித்திருக்கக் கூடாது. அவன் படத்தில் அரகோன் அறுவடைக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து சமமாகப் பங்கிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் நம் ஊர் பெரிய உருண்டை ரொட்டி இல்லை. தட்டையாகச் சுட்டுச் சுருட்டிய மெக்சிகோ சோள ரொட்டி, பக்கத்தில் ஒரு கைப்பிடி சிவப்பு மிளகாய். "அரகோன்காரன் எப்போ மிளகாயைக் கடிச்சுச் சாப்பிட்டான்?" என்று கண்ணாடிக்குக் கீழே உட்காரும் ஐயாமார்களில் ஒருவர் கேட்டார். உடனே எல்லா மேசையும் எல்லாப் படத்துக்கும் ஓடியது. ஊரை மறந்தவன், மறந்தவன் என்று ஆளாளுக்கு விரலை நீட்டினார்கள். எத்தனையோ வசவுகளைக் கேட்டுப் பழகினவர்கள் நாங்கள், ஆனால் அந்த வசவை இதுவரை யாரும் யாரையும் பார்த்துச் சொன்னதில்லை. சட்டையைப் பிடித்தார்கள். ஒரு படத்தின் சட்டம் உடைந்தது. இந்தக் களேபரத்துக்கு நடுவே தோன் மக்லோவியோ தன் சங்கத்து ஆட்களோடு ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்து, கண் கலங்கி, காசிமீரோவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க ஊரை எவ்வளவு ஆசையா வரைஞ்சிருக்கீங்க," என்றார். "வந்தவங்க இப்படி வரைவாங்கன்னு நாங்க நினைக்கவே இல்ல."

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாற்போல் ஆயிற்று.

நான் ஓரமாக நின்று பார்த்தேன். அசும்தாவின் அச்சுப் படங்கள் எல்லாம் விடியற்காலை என்பதால் மறுபடியும் வாசலுக்குப் பக்கத்திலேயே வந்திருந்தன, கதவு மறைத்திருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. அவளே கதவைச் சாத்திவிட்டுத் தன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடற்கரையில் வலை பின்னுகிற பெண்கள், அவர்கள் முதுகில் நீளத் துணியால் குழந்தையைக் கட்டியிருந்தார்கள், இந்த ஊர்ப் பெண்கள் கட்டுகிற மாதிரியே. "எங்க ஊர்ல குழந்தையை எப்படித் தூக்குவாங்க?" என்று என்னைக் கேட்டாள். நான் மேடைப் பக்கம் திரும்பினேன். கூடத்து மேடைக்குப் பின்னால் நான் வரைந்த பெரிய படுதா தொங்கியது: நம் ஊர்ச் சதுக்கம், நம் கோபுரம். சதுக்கத்து மரங்கள் முழுக்க ஊதாப் பூ. நம் ஊர் மரத்தில் ஊதாப் பூ ஏது? அது இந்த ஊர்த் தெரு மரம், வசந்தத்தில் நான் மிதித்துக்கொண்டு நடக்கிற பூ. அது போகட்டும். கோபுரத்து உச்சியில் நாரைக் கூடு, அதை இடது பக்கம் வைத்திருந்தேன். இடதா வலதா என்று நின்று யோசித்தேன், தெரியவில்லை. இருபது வருடம் அந்தக் கோபுரத்துக்குக் கீழே உட்கார்ந்து படித்தவன், எனக்குத் தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது அக்கா, சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. மிச்சம் இருப்பதும் போவதற்குள் ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

மறுநாள் காபிக் கடையில் என் முடிவைச் சொன்னேன். எல்லா மேசையும் ஒன்றாக எழுந்து என்னைத் திட்டியது. பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாகக் கம்யூனிஸ்டும் அனார்க்கிஸ்டும் குடியரசும் கத்தலானும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். என்னைக் கண்டித்து. இரண்டு சோஷலிஸ்டு மேசைக்காரர்களும் நடுவில் இருந்த காலி மேசையில் உட்கார்ந்துதான் போட்டார்கள் என்று கேள்வி. நான் காபி சொன்னேன், பணியாள் கொண்டுவரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். அடுத்த நாளிலிருந்து ஒவ்வொருவனாக என் அறைக்கு வந்தான், மற்றவன் பார்த்துவிடாமல் பின்படி வழியாக. காசிமீரோ கதவை அடைத்துக்கொண்டு நின்று, "துரோகிங்கறது துரோகிதான், அதுல மாற்றமில்ல. போறதுதான் போற, அஸ்தூரியாஸ் பக்கம் போனா அந்த மலைக்குப் பின்னால என்ன இருக்குன்னு பார்த்து ஒரு வரி எழுது," என்றான். தொரிபியோ வந்தான், அவன் ஊர் ரொட்டியின் மேல் சிலுவை மாதிரிக் கீறுவார்களா, ஒற்றைக் கோடா என்று பார்க்கச் சொன்னான். "எங்கம்மா கீறினதைத் தினமும் பார்த்தேன்யா, ஞாபகம் வரமாட்டேங்குது," என்றான். தோன் லெயாந்த்ரோ தொப்பியைக் கழற்றினார். அவர் தலையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வேலியில் என்ன வளர்கிறது என்று மட்டும் கேட்டார். கடைசியாக அசும்தா வந்தாள், உட்கார்ந்தாள், சிகரெட் பற்றவைத்தாள். உனக்கு என்ன பார்த்துவர வேண்டும் அம்மா என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேண்டாம்," என்றாள். "அங்க போய் யாரோட சண்டை போடுவீங்க?"

நான் இனிமேல் யாரோடும் சண்டை போடப் போவதில்லை, அதற்காகத்தானே போகிறேன் என்றேன். அவள் சிகரெட்டை முடித்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆகவே அக்கா, மாடி அறையைத் தட்டிப் பெருக்கி வை. பாதிரியாருக்கு என் நன்றியைச் சொல். சரகோசாக் கொட்டகைக்காரர்களிடம் நான் நடுப்பகல் வெளிச்சம் நன்றாக வரைவேன் என்று சொல். அந்த ஒரு வரியைத் தனித்தாளில் எழுதி இதோடு வைக்கிறேன். உன் கைகளை முத்தமிடுகிறேன். அப்பா அம்மா கல்லறையில் எனக்காகவும் ஒரு பூ வை. எனக்குத் தெரிந்த எல்லாரையும் பெயர் சொல்லி விசாரித்ததாகச் சொல். கடவுளும், கடவுளை நம்பாதவர்களும், உன்னைக் காப்பாற்றட்டும்.

என்றும் உன் பாசத்துக்குரிய தம்பி,
எலாதியோ

பின்குறிப்பு: கடிதத்தை மடிப்பதற்கு முன் அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தேன். ‘நான்’ என்று எழுதினேன். உன் வார்த்தைகளைச் சரிபார்க்க உன் பழைய கடிதங்களை எடுத்தேன், எல்லாவற்றையும் படித்தேன். மக்காரியோவைப் பற்றி ஒவ்வொரு கடிதத்திலும் நான் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நீ பீச் பழம் இந்த வருடம் நன்றாகக் காய்த்தது என்று பதில் எழுதியிருக்கிறாய். தோன் இஹீனியோ இப்போதும் அவனிடம்தான் சவரம் செய்துகொள்கிறாரா என்று கேட்டதற்கு, அவர் தாடி வளர்த்திருக்கிறார் என்று எழுதினாய். முடிதிருத்தும் கடை இருக்கும் ஊரில் அந்த மனிதர் எதற்காகத் தாடி வளர்க்கிறார், அக்கா? உன்னால் எழுத முடியாததை நான் பன்னிரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மன்னித்துக்கொள். நம் ஊர்க் காபிக் கடையில் யாரும் குரலை உயர்த்துவதில்லை என்பது ஏன் என்று இப்போது எனக்குப் புரிந்துவிட்டது: பேசியவனை இல்லாமல் ஆக்கிவிட்டார்கள், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அசும்தா கேட்டதும் புரிந்துவிட்டது. மக்காரியோ இல்லாத ஊரில், வழி தவறியவன் நான் என்று என்னால் கையெழுத்துப் போட முடியாது. தாளைக் கிழித்துவிட்டேன். நான் வரவில்லை. உன் மாடி அறையைப் பெருக்க வேண்டாம்.

நீ வா. உன்னைப் பார்க்காமல் செத்துப்போவேனோ என்று பயமாக இருக்கிறது, அதையும் வெட்கமில்லாமல் எழுதுகிறேன். நோயாளித் தம்பியைப் பார்த்துவரப் போகிறேன் என்று சொல்லிப் பயணக் காகிதம் வாங்கிக்கொள். பாதிரியார் அதற்கும் சிபாரிசு செய்வார், என் முதுகுவலி பொய் இல்லை. தோன்யா எதெல்வினா திரும்பி வரும்போது உன்னையும் கையோடு கூட்டி வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

நேற்றுக் காபிக் கடையில் போய் நான் போகவில்லை என்று சொன்னேன். ஒருவரும் கையைக் குலுக்கவில்லை. கண்டனத் தாளைத் திரும்பப் பெற முறைப்படி கூட்டம் கூட்ட வேண்டும் என்றார் தோன் லெயாந்த்ரோ. கூட்டத்துக்குத் தலைவர் என்றால் நான் வரமாட்டேன் என்றான் தொரிபியோ. என் அக்கா வரக்கூடும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். உடனே, தையல் வேலை செய்து பிழைப்பவள் தொழிலாளிதான், எங்கள் மேசையில்தான் உட்காருவாள் என்றான் காசிமீரோ. தவறாமல் பூசைக்குப் போகிற பெண்மணி கண்ணாடிக்குக் கீழேதான் உட்காருவார் என்றார் தோன் லெயாந்த்ரோ. இஷ்டப்பட்ட இடத்தில் உட்காரட்டும், அதுதான் எங்கள் மேசைக்கு அர்த்தம் என்றான் தொரிபியோ. கதவருகில்தான் காற்று வரும் என்றாள் அசும்தா. சண்டை இன்னும் முடியவில்லை. பணியாள் எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தான்.

புறப்படும் முன் ஒரே ஒரு வேலை செய். சதுக்கத்தில் நின்று கோபுரத்தைப் பார், நாரைக் கூடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று நன்றாகப் பார்த்து மனசில் வைத்துக்கொள். கடிதத்தில் எழுத வேண்டாம். இங்கே வந்து காபிக் கடையின் நடுவில் நின்று சத்தமாகச் சொல். யாராவது ஒருவர் உடனே எழுந்து ‘இல்லை’ என்பார், நீ கவலைப்படாதே.